பின்பாரம்

கொக்கியக்காவிடம் ஒரு தடவையாவது அறை வாங்காத ஆண்கள் அந்தப் பட்டறைத் தெருவில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களும் அவள் வரும் சத்தம் கேட்டதுமே வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறவர்கள். வாய் திறப்பதற்குள் கை பேசிவிடும் சுபாவம் அவளுக்கு. ஒட்டுப்போட்ட டியூபைப் புதியது என்று தலையில் கட்டப் பார்த்த டயர் கடைக்காரர் அதே டியூபால் வாங்கினார். 'பொம்பளை வண்டியா, ஓரமாப் போ' என்று ஆரம்பித்த பெயின்ட் கடைக்காரர் இரண்டாவது வார்த்தைக்குமேல் போகவில்லை.

ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவள் வேறு ஆள். அவளுடைய வேன் அவளைவிட இரண்டு வயது மூத்தது. மூக்கே இல்லாத தட்டை முகம், நடுவில் கம்பி ஓடும் முன்கண்ணாடி, பின்பக்கம் இன்ஜின். பழைய இரும்புக் கடையில் கோழி அடைந்து கிடந்ததை வாங்கி இரண்டு வருஷம் உட்கார்ந்து உயிர் கொடுத்தாள். அடியில் குறுக்குச் சட்டம் வைத்துத் தானே வெல்டிங் செய்து ஒரு கொக்கி போட்டாள். அந்தக் கொக்கியில் இரண்டு சக்கர டிரெய்லரை மாட்டி ஊரில் எதை வேண்டுமானாலும் இழுத்துப் போவாள். பீரோ, படகு, பியானோ, ஒரு தடவை ஒரு பல் டாக்டரின் நாற்காலி. அந்தக் கொக்கிதான் அவளுக்குப் பேராக ஒட்டிக்கொண்டது.

அந்த வயதில் ஒரு வண்டி டிரெய்லர் இழுப்பதே பெரிது; அதை எப்படி இழுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கிளம்புமுன் இரண்டு சுற்று சுற்றி வருவாள். முதல் சுற்று கண்ணுக்கு, இரண்டாவது கைக்கு. டயரில் காற்று, சக்கர நட்டு, குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலி, பின்விளக்கு. கடைசியாக டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பார்ப்பாள். ஒரு ஆளின் கனம் இருக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முன்னால் அதிகம் ஏற்றினால் வண்டி பின்பக்கம் குந்தும். பின்னால் அதிகம் ஏற்றினால் டிரெய்லர்தான் வண்டியை ஓட்டும் என்பாள்.

அவளுடைய அப்பா கிரேன் ஓட்டினவர். மெஷின் பெல்ட்டை இரண்டாக மடித்துப் பிள்ளைகளை விளாசுவார். அடியை அண்ணன் வாங்குவான், வாங்கியதை வட்டியோடு தங்கை முதுகில் இறக்குவான். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அவள் அண்ணனின் இடது காதைக் கடித்து ஒரு துண்டை எடுத்துவிட்டாள். அவன் திருப்பி அடித்ததில் அவளுக்கு இரண்டு பல் போனது. வீட்டில் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அமைதி.

அவளுக்கு வாய்த்தவர் தையல்காரர். தார்ப்பாயும் வண்டி சீட் உறையும் தைக்கிறவர். கல்யாணமான முதல் மாதத்தில் ஏதோ ஒன்றுக்கு அவரை அறைந்துவிட்டாள். அவர் படியில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் எழுந்து வந்து, "இன்னொரு தடவை கை ஓங்கினா நான் போயிடுவேன். சத்தம் எல்லாம் போட மாட்டேன். போயிடுவேன்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்மேல் மறுபடி அவள் கை படவில்லை. படியிறங்கினால்தான் மறுபடி பழைய ஆள்.

அண்ணன் வளர்ந்து கல் வியாபாரத்துக்கு வந்தான். மேட்டு நகரில் பெரிய கொட்டகை. சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் போடுகிற கருங்கல் பலகைகள் வரிசை வரிசையாக நிற்கும். அண்ணியின் கையில் எப்போதும் ஒரு பழைய காயம் மஞ்சளித்துக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே புதியது நீலமாக இருக்கும். கேட்டால் கதவு இடித்தது என்பாள். அந்த வீட்டில் அவ்வளவு கதவு கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அண்ணன் போன் செய்தான். அவனுடைய லாரிக்கு அச்சு முறிந்துவிட்டது, கீழ் நகரத்தில் ஒரு ஹோட்டலுக்கு அன்றைக்கே பலகை இறக்கியாக வேண்டும், வேறு வண்டி கிடைக்கவில்லை. முடியாது என்றாள். அண்ணி போனை வாங்கி, வந்துட்டுப் போயேன் என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலுக்காகத்தான் போனாள்.

பன்னிரண்டு பலகைக்குமேல் வண்டி தாங்காது, அதையும் இரும்புச் சட்டத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கட்ட வேண்டும் என்று கொட்டகை ஆட்களுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அண்ணி சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் நாலு விரலும் அப்படியே பதிந்திருந்தது.

வெளியே வந்தபோது டிரெய்லரில் பலகைகள் ஏறியிருந்தன, தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது, கொக்கியும் மாட்டியிருந்தது. அவள் அண்ணனிடம் நேராகப் போய், இது என்ன பழக்கம் என்று கேட்டாள். அவன் ஆட்கள் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு, "ஊசி பிடிக்கிறவனை வெச்சுக்கிட்டு ஆம்பளை எப்படி இருப்பான்னு உனக்கு என்ன தெரியும்?" என்றான். எட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவனை ஓங்கி அறைந்தாள்.

அவன் திருப்பி அடிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, நேரமாகிறது, வண்டியை எடு என்றான். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாங்கிய அடியை வாங்கிய இடத்திலேயே திருப்பாதவன் அல்ல அவன். ஆனால் அவளுக்குக் காதெல்லாம் இரைந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு சுற்று வந்தாள். சங்கிலியைப் பார்த்தாள், நட்டைப் பார்த்தாள். மூக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை. தார்ப்பாயை அவிழ்த்துப் பார்க்கவில்லை. பலகையை எண்ணி ஒப்படைக்க அண்ணன் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பெல்ட் போடு என்றாள். போடவில்லை.

சமதளச் சாலையிலேயே வேனின் பின்பக்கம் லேசாக இருந்தது. பின்சக்கரம் தரையில் பாதி, காற்றில் பாதி என்பதுபோல. எத்தனை ஏற்றினாய் என்று கேட்டாள். பன்னிரண்டு, நீ சொன்னதுதான் என்றான். நிறுத்திப் பார்க்கலாம் என்று ஓரம் தேடினாள். அதற்குள் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் வெறும் ஆகாசம். பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது கியருக்கு இறக்கிக்கொண்டு, கீழே சமதளம் வரை பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவது என்று முடிவு செய்தாள். பழைய பிரேக்; நீளமாக மிதித்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

மூன்றாவது வளைவில் ஒரு பஸ் லாரியையும் வேனையும் சேர்த்துத் தாண்டியது. அந்தக் காற்று டிரெய்லரை ஒரு தட்டுத் தட்டியது. கண்ணாடியில் அது இடது பக்கம் எட்டிப் பார்த்தது, மறைந்தது, வலது பக்கம் எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு சாண் அதிகமாக. வேனின் பின்பக்கத்தை யாரோ கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உலுக்குவதுபோல் இருந்தது. கருவிப்பெட்டி கவிழ்ந்து ஸ்பேனர்கள் தரையில் உருண்டன.

இந்த ஆட்டத்துக்கு மருந்து ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, எதிர்த்துத் திருப்பாமல், பிரேக்கை அழுத்தாமல், அது தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். காலை எடுத்தாள். கையை நேராக வைத்தாள். ஆட்டம் அரை சாண் குறைந்தது.

"பிரேக்கைப் போடுடி" என்று அண்ணன் கத்தினான்.

"கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. அடங்கிடும்."

அவன் உட்காரவில்லை. குனிந்து ஹேண்ட்பிரேக் கம்பிக்குக் கை நீட்டினான். அவள் இடது முழங்கையை மடக்கி அவன் மூக்கில் இடித்தாள். குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. ரத்தம் கியர் கம்பியிலும் அவள் தொடையிலும் தெறித்தது. வலது கை ஸ்டியரிங்கில் முட்டையைப் பிடிப்பதுபோல் அசையாமல் இருந்தது. அவன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கதவுக் கண்ணாடியில் மோதினான். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. அவள் அப்போதும் சாலையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. முடியைப் பிடித்திருந்த மணிக்கட்டை வாயால் கவ்வி, பல் எலும்பில் முட்டும்வரை கடித்தாள். அவன் அலறிக்கொண்டு முடியை விட்டான். இன்னொரு கையால் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டான்.

பின்சக்கரம் இரண்டும் இறுகின. வேன் நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. அது மடங்கி வந்து வேனின் விலாவில் இடித்தது. வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாறையை உரசிக்கொண்டு, தகரம் கிழிகிற ஒரே நீளச் சத்தத்தோடு இருபது முப்பது அடி சறுக்கியது.

அவளை மடி பெல்ட் தூக்கிப் பிடித்திருந்தது. தையல்காரர் மூன்று மடிப்பாக வைத்துத் தைத்த பெல்ட். தொங்கியபடி பார்த்தபோது முன்கண்ணாடியும் இல்லை, அண்ணனும் இல்லை. பெட்ரோல் வாடை வந்தது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, பெல்ட்டை அவிழ்த்து விழுந்து, ஊர்ந்து வெளியே வந்தாள். இடது கையில் இரண்டு விரல் பின்பக்கமாகத் திரும்பியிருந்தன.

அண்ணன் சாலையில் மல்லாந்து கிடந்தான். டிரெய்லர் அவனுக்கு மேலே கவிழ்ந்த நிலையில் நின்றது. ஒரு பலகை அவனுடைய வலது முழங்காலுக்குக் கீழே குறுக்காகக் கிடந்தது. அதற்கு மேலே, வளைந்த சட்டத்தில் இன்னும் ஐந்து பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒரே ஒரு கயிற்றில் நின்றன. கயிறு இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. தார்ப்பாய் கிழிந்து கிடந்ததில் விஷயம் தெரிந்தது. டிரெய்லரின் வால் பக்கத்தில், யாரும் பார்க்காதபடி தட்டையாகப் படுக்க வைத்து, ஆறு பலகை. சாலையில் சிதறிய மீதியையும் சேர்த்து மொத்தம் பதினெட்டு.

பின்னால் வந்த லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் ஓடி வந்தார். கிட்டே போகாதீங்கம்மா, கயிறு அறுந்தா ரெண்டு பேரும் போயிடுவீங்க என்று அவளுடைய தோளைப் பிடித்தார்.

அண்ணன் அவளைப் பார்த்தான். "விட்டுட்டுப் போயிடாத" என்றான். குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது.

அவள் நின்றாள். எதற்காக நின்றாள் என்பதைப் பிறகு தையல்காரரிடம் மட்டும் சொன்னாள். கயிறு அறுவதற்காக நின்றாள். அண்ணியின் கன்னமும், அப்பாவின் பெல்ட்டும், தன் இரண்டு பல்லும் அந்தக் கயிற்றில் தொங்கியதாக அவளுக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் நேரம் சும்மா நின்றால் போதும், யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, மூக்கைத் தூக்கிப் பார்க்காமல் கிளம்பியது நான்தானே என்ற நினைப்பு வந்தது. அதுதான் அவளை அசைத்தது. பாசம் அல்ல, அதை அவளே சொன்னாள்.

வேனுக்குள் கைவிட்டு ஜாக்கியை எடுத்தாள். லாரி டிரைவர் தன் வண்டியின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரக்கட்டைகளைக் கொண்டுவந்து, வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே சட்டத்தின் அடியில் அடித்து இறக்கினார். அவள் அந்த ஐந்து பலகைக்கும் கீழே வயிற்றால் ஊர்ந்து போனாள். ஜாக்கியைப் பலகையின் விளிம்புக்கு அடியில் வைத்து, நல்ல கையால் இடித்து இடித்து ஏற்றினாள். பலகை ஒரு விரற்கடை எழும்பியது. அண்ணன் கத்திய கத்தலில், முன்னால் போய் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சட்டைக் காலரைப் பிடித்து அவனை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து வந்தாள். கால் கூடவே வந்தது, ஆனால் நேராக வரவில்லை. அவர்கள் ஆறடி தாண்டியதும் மரக்கட்டை பிதுங்கியது, கயிறு அறுந்தது. ஐந்து பலகையும் ஜாக்கிமேல் விழுந்து தூள் தூளாயின. ஒரு சில்லு அவளுடைய நெற்றியைக் கிழித்துக்கொண்டு போனது.

போலீஸ்காரர் வந்தார், நோட்டை எடுத்தார். ஆம்புலன்ஸுக்குக் காத்துக்கொண்டு ஓரத்தில் கிடந்த அண்ணன் முதலில் வாய் திறந்தான். "பொம்பளை கையில ஒரு டப்பா வண்டி. பிரேக்கே கிடையாது. வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்."

அவள் இரண்டே எட்டில் போய், ஏற்கெனவே உடைந்திருந்த அந்த மூக்கிலேயே இன்னொன்று கொடுத்தாள். லாரி டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போலீஸ்காரர் அவளைக் கட்டிப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கால் முறிந்து கிடந்தவனை அடித்தோமே என்று பிற்பாடு அவளுக்கே கூசியது. அந்த நிமிஷத்தில் கூசவில்லை.

ஆஸ்பத்திரியில் தையல்காரர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நூல் பிடுங்கும் சின்ன இடுக்கியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அவள் முடியில் சிக்கியிருந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மருந்துத் தட்டில் போட்டார். அண்ணன் செய்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மூக்கைத் தூக்கிப் பாக்காம நீ கிளம்பவே மாட்டியே. ஏன் கிளம்பின?"

"கோபத்துல இருந்தேன்."

"யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த துண்டைப் பிடுங்கினார்.

விசாரணையிலும் அதே பதிலைத்தான் சொன்னாள். விபத்து அதிகாரி, சரக்கைச் சோதித்தீர்களா என்று கேட்டார். இல்லை, ஓட்டினது நான், பார்த்திருக்க வேண்டியதும் நான் என்றாள். அண்ணனின் வக்கீல் சந்தோஷமாக அதைக் குறித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. எடைமேடைக்காரர் உடைந்த கல்லையெல்லாம் கூட்டி அள்ளி நிறுத்துப் பார்த்ததில் பதினெட்டுப் பலகையின் எடை வந்தது. அதற்குப் பின் கொட்டகை ஆட்கள் இரண்டு பேர் எழுந்து, முதலாளிதான் ஆறு பலகையை வாலில் படுக்க வைத்து மூடச் சொன்னார் என்றார்கள். முதலாளியின் சோற்றில் இருக்கிறவர்களுக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. அவளுக்கு ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது என்று தீர்ப்பானது. போலீஸ்காரர் கண்ணெதிரே அடித்ததற்குத் தனியாக ஒரு வழக்கு. வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் கையெழுத்து. அண்ணனுக்குக் காலை வெட்டவில்லை, ஆனால் அது மடங்கவில்லை. ஊன்றுகோல் நிரந்தரமானது.

ஆறு மாதமும் அவள் வேனோடு கிடந்தாள். நசுங்கிய விலாவைப் பக்கத்துத் தகரப் பட்டறைக்காரர் தட்டி நிமிர்த்தினார். துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே பூச்சு வைத்தார் என்பதற்காக அவரும் ஒன்று வாங்கினார். அன்றைக்கு வீட்டில் அவள் சொல்லுமுன்பே தையல்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் சாப்பிடாமல் எழுந்து போய்ப் படியில் உட்கார்ந்தார். அவள் மறுநாள் பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். வாழ்நாளில் முதல் தடவை. தகரக்காரர் பயந்து இரண்டடி பின்வாங்கித்தான் அதைக் கேட்டுக்கொண்டார்.

லைசென்ஸ் திரும்பி வந்த வாரத்தில் அண்ணி போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில வண்டி கொண்டு வரியா? ஒரு கட்டில், ஒரு பீரோ, என்னோட தையல் மெஷின். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அண்ணன்?"

"இப்போல்லாம் அவரோட ஊன்றுகட்டை எட்டாத தூரத்துலதான் உக்காந்துக்கறேன். அப்படியே எவ்வளவு நாளைக்கு உக்காந்திருக்கறது?" என்றாள் அண்ணி. அந்த இரண்டு ஆட்களைச் சாட்சி சொல்லச் சொன்னதும் தான்தான் என்று போகிற போக்கில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை தையல்காரரும் கூட வந்தார். அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருக்க, அவரும் கொட்டகை ஆட்கள் இருவரும் சாமானை வெளியே கொண்டுவந்து ஏற்றினார்கள். பீரோவைச் சக்கரத்துக்கு நேர்மேலே, கட்டிலை நிறுத்தி முன்பக்கம், மெஷினை நடுவில் கட்டினார்கள். அவள் இரண்டு சுற்று வந்தாள். டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பார்த்தாள். இறக்கிக் கொக்கியில் மாட்டினாள், சங்கிலியைக் குறுக்காகப் போட்டாள். அண்ணி கைப்பையோடு நடுவில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டியைக் கிளப்பும்போது அண்ணன் கேட்டுக்கு வந்துவிட்டான். நடுவழியில் நின்று, ஊன்றுகோலைத் திருப்பிப் பிடித்து முன்விளக்கை அடித்தான். கண்ணாடி கொட்டியது. அடுத்தது மற்ற விளக்கு. பிறகு புதிதாகப் போட்ட முன்கண்ணாடி. முதல் அடியில் விரிசல் விட்டது, மூன்றாவது அடியில் பாதி உள்ளே வந்து விழுந்தது. அண்ணி முகத்தைப் பையால் மூடிக்கொண்டாள். அவன் அவளையும், தங்கையையும், தங்கை புருஷனையும், செத்துப்போன தாயையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே அடித்தான்.

கொக்கியக்காவின் உடம்பு முழுவதும் இறங்கத் துடித்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்ததைத் தையல்காரர் பார்த்தார். அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, மடியில் விழுந்த சில்லைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் வீச முடியும்? ஏழாவதோ எட்டாவதோ வீச்சில் ஊன்றுகோல் கதவுக் கம்பியில் சிக்கி அவனையும் இழுத்துக்கொண்டு போனது. கேட்டோரம் விழுந்தான். ஆட்கள் ஓடிவந்து தூக்கி ஓரத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தபடியே கல்லைத் தேடினான், எட்டவில்லை.

"அவன் கால் சக்கரத்துப் பக்கம் இல்லையே? பாத்துச் சொல்லுங்க" என்றாள் அவள். தையல்காரர் எட்டிப் பார்த்து, இல்லை என்றார்.

முதல் கியரைப் போட்டாள். கிளட்சை மெல்ல, மெல்ல விட்டாள். பீரோக் கதவுகூடக் கிணுங்காமல் டிரெய்லர் கேட்டைத் தாண்டியது. உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று நேராக முகத்தில் அடித்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் ஓரமாக நிறுத்தி, இறங்கி, கயிறுகளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து ஏறினாள். அண்ணி பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து, அவளுடைய புருவத்திலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள். பிறகு பெல்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். இரண்டாவது கியரில் கீழே இறங்கினார்கள்.